பனிக்காலத்து முகம்

பனிக்காலம் வந்துவிட்டால் மனிதன் தன் உடலைப் பொதிந்து கொள்ளும் அக்கறைக்குக் குறைவேயில்லை. தலைக்குக் குல்லாய், கழுத்துக்குக் கம்பளித் துண்டு, கைக்கும் காலுக்கும் உறை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு போர்வை கிடைத்துவிடுகிறது. முகம் ஒன்றுதான் எந்தப் போர்வையுமின்றி வாடைக் காற்றின் எதிரே நிற்கிறது. அது போதாதென்று, ஆண்மக்கள் அதே முகத்தை விடியற்காலைக் குளிரில் எஃகுத் தகட்டால் மழிக்கவும் செய்கின்றனர். பின்பு கன்னம் எரிகிறது, தாடை பொரிகிறது, கழுத்தில் சிவந்த புள்ளிகள் தோன்றுகின்றன. “பனி அல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு அலுவலுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

சவரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் புன்னகைக்கக் கூடும். தோலைப் பேணுவது பெண்களுக்குரிய கவலை என்றும், ஆண்மகன் அதைப் பேசுவது அழகன்று என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. ஆயினும் நாள்தோறும் வரும் சிறு வேதனை, ஆண்டுக்கொருமுறை வரும் பெருநோயைக் காட்டிலும் மனிதனை அதிகமாய் அலைக்கழிப்பதுண்டு. அன்றியும், முகச்சவரம் ஒருவன் தன் முகத்துக்கு மட்டும் செய்துகொள்ளும் காரியமன்று. ஒரு காலத்தில் மகன் தந்தைக்கும் செய்ய வேண்டியதாகிறது. அந்த நாள் நமக்கும் வந்தது. ஆகவேதான் இதை எழுதத் துணிந்தோம்.

நாம் பிறந்து வளர்ந்தது தஞ்சைச் சமவெளியில். ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த அவ்வூர்க் காற்றில் மார்கழியிலும் ஈரம் இருக்கும். பிழைப்பை நாடி உதகமண்டலத்தில் குடியேறிய பின்னரே பனி என்பது யாதென அறிந்தோம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தாவின் புல்வெளியும், ஏரிக்கரையின் பள்ளங்களும் விடியற்காலையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். முதல் பனிக்காலத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் குப்பியில் மெழுகாய் உறைந்துபோயிற்று. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே இறுகிவிடும் என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். எண்ணெயின் நிலையே அதுவானால், நம் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை என்னவாகும் என்ற ஐயமும் அன்றே எழுந்தது.

குளிர் தோலுக்குச் செய்யும் தீங்கு, குளிரினால் மட்டும் விளைவதன்று, வறட்சியினால் விளைவது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் 7 கிராம்கூடத் தாங்காது. அத்தகைய வறிய காற்று நம் முகத்தைத் தொட்டதும் உடற்சூட்டால் வெதும்புகிறது. வெதும்பியதும் அதற்குத் தாகம் பிறக்கிறது. அருகிலுள்ள நீரைத் தேடுகிறது. அருகிலுள்ள நீர் நம் தோலில் அல்லவா இருக்கிறது! கதவை அடைத்து மின் கணப்பின் எதிரே அமர்ந்தாலும் இதே கதைதான். அறை சூடாகிறதே தவிர, காற்றின் வறுமை தீர்வதில்லை.

தோலின் மேற்புறத்தில் மிக மெல்லிய ஓர் அடுக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கினால் ஒரு பங்குதான் அதன் கனம். உயிரற்ற அணுக்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டு, இடையிடையே கொழுப்புப் பொருள் சாந்துபோல் பூசப்பட்டிருக்கின்றது. உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளியிருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவரே. பனிக்காலத்தில் சாந்து உலர்ந்து, செங்கற்கள் விளிம்பில் எழும்பி நிற்கின்றன. நாம் தொட்டுப் பார்த்துச் சொரசொரப்பு என்கிறோமே, அதுதான் இது. இந்நிலையில் பிளேடு வந்தால் அது முடியை மட்டுமா சீவும்? எழும்பி நிற்கும் செங்கல்லையும் சேர்த்தே சீவிச் செல்லும். சவரத்துக்குப் பின் வரும் எரிச்சலின் காரணம் பெரும்பாலும் இதுவேயாகும்.

முடிக்கும் ஓர் இயல்பு உண்டு. உலர்ந்த தாடி முடி கம்பியைப்போல் விறைத்து நிற்கும். அதுவே நீரில் ஊறினால் பருத்து, இளகி, எளிதில் அறுபடும். ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களாவது வேண்டும். குளிர்காலத்தில் நாம் முதலில் குறைத்துக் கொள்வது அந்த நிமிடங்களைத்தான். தண்ணீரைத் தொட அஞ்சி, கன்னத்தில் இரண்டு விரலால் நனைத்து, சோப்பைத் தேய்த்த மாத்திரத்தில் பிளேடை இழுக்கிறோம். விறைத்த முடியை அறுக்கக் கை தானாகவே அழுத்துகிறது. அழுத்தம் முழுவதையும் தோல்தான் தாங்குகிறது.

பழைய நாவிதர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். நம் சிறு வயதில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாரந்தோறும் வரும் நாவிதர் ஒருவர் இருந்தார். கிண்ணத்தில் நீரை எடுத்துக்கொண்டு பெரியவர்களின் கன்னத்தில் தடவித் தேய்ப்பார், தேய்ப்பார், கால் நாழிகை வரையிலும் தேய்ப்பார். ஊர்ச் செய்திகள் யாவும் அதற்குள் பேசி முடிந்துவிடும். சோப்பு நுரை பலருக்குக் கிடையாது. வெறும் தண்ணீரே போதும். பின்னரே கத்தியைத் தோல்வாரில் தீட்டுவார். அந்தத் தேய்ப்பும் பேச்சும் வீண்பொழுது என்று பிள்ளைகளாகிய நமக்குத் தோன்றியதுண்டு. அந்தக் கால் நாழிகையில் முடி ஊறிக்கொண்டிருந்தது என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தி.

அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர் 1901-இல் ஒரு கம்பெனியைத் தொடங்கி, தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடைக் கொண்ட சேப்டி ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1903-இல், முதல் ஆண்டில், விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. கழுத்தை அறுத்துவிடுமோ என்ற அச்சம் நீங்கியது. எவரும் தம் வீட்டில் தாமே மழித்துக்கொள்ள முடிந்தது. வாரத்துக்கொரு முறை என்றிருந்தது நாள்தோறும் என்றாயிற்று. நன்மைதான். ஆனால், நாவிதரின் கத்தியோடு அவருடைய பொறுமையும் திண்ணையை விட்டுப் போயிற்று. கருவி பாதுகாப்பானதாயிற்று, கைக்கு அவசரம் வந்துவிட்டது. சமவெளியின் ஈரக் காற்றில் அந்த அவசரத்தை முகம் பொறுத்துக்கொள்ளும். மலையின் வறண்ட காற்றில் பொறுப்பதில்லை.

நம் தாயார் மறைந்த பின்னர் அத்தா நம்மோடு உதகைக்கு வந்து தங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மீசையைக் கத்தரித்து, கன்னத்தையும் கழுத்தையும் துப்புரவாக மழித்து, தாடையில் மட்டும் சிறு தாடி வைத்திருப்பது அவர்களின் வழக்கம். வியாழக்கிழமை இரவே ரேசரைக் கழுவி வைத்து, வெள்ளிக்கிழமை காலையில் சன்னலோரக் கண்ணாடியின் முன் அமர்ந்துவிடுவார்கள். எத்தனை வேலை கிடந்தாலும் அந்த அரைமணி நேரம் எவருக்கும் கிடையாது. ஜும்ஆவுக்குப் போகும் முகம் ஒழுங்காய் இருக்க வேண்டும் என்பார்கள்.

மலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கோப்பையை இரு கையால் பிடித்தார்கள். அந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடியின் முன் அமர்ந்தவர்கள் நெடுநேரம் ரேசரைத் தொடவில்லை. பிறகு அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள்.

“நான் செய்து விடட்டுமா அத்தா?” என்று கேட்டோம்.

“வேண்டாம் தம்பி. இனி இந்த முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார்கள்.

அந்தச் சொல்லில் கோபமில்லை, கழிவிரக்கமும் இல்லை. கடையைச் சாத்திவிட்டுச் சாவியைக் கொடுக்கும் மனிதனின் குரலாய் இருந்தது. நம்மை அச்சுறுத்தியதும் அதுவே. முதுமையில் மனிதன் ஒவ்வொன்றாய் விட்டுவிடுகிறான். நடையை விடுகிறான், வியாபாரத்தை விடுகிறான், கணக்குப் புத்தகத்தை விடுகிறான். முகத்தையும் விட்டுவிட்டானாகில் பிறகு வெளியே வர மாட்டான். இரண்டு வாரம் அத்தா அறையிலேயே இருந்தார்கள். பள்ளிக்குச் செல்லக் குளிர் தடை என்றார்கள். குளிர் மட்டுமே காரணமன்று என்பது வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை நம் இளைய மகன் வெந்நீர்ச் சொம்பையும் துண்டையும் கொண்டுபோய் அவர்கள் அருகில் வைத்துவிட்டு, “நன்னா, நான் பார்க்கிறேனே உங்கள் முகத்தை” என்றான். அத்தா சிரித்துவிட்டார்கள். நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார்கள்.

பிறர் முகத்தை மழிப்பது தன் முகத்தை மழிப்பதுபோல் அன்று. தன் முகத்தில் வலித்தால் கை தானே நின்றுவிடும். பிறர் முகத்தில் கை கண்ணை நம்பியே நகர வேண்டும். வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் சுற்றி, மூன்று நிமிடம் பொறுத்தோம். அத்தா கண்ணை மூடிக்கொண்டார்கள். நுரையை விரலாலேயே தடவினோம். அப்போதுதான் அந்தத் தோல் எவ்வளவு மெலிந்திருந்தது என்பது தெரிந்தது. முதுமையில் எண்ணெய்ச் சுரப்பு குன்றும். தோல் காகிதம்போல் ஆகும். அடியிலுள்ள கொழுப்புக் கரைந்து கன்னம் குழியும். குழிந்த கன்னத்தில் பிளேடு தடுக்கும் என்பதால், வாயில் காற்றை நிரப்பி உப்பிக் கொள்ளுமாறு வேண்டினோம். கழுத்தின் தொய்ந்த தோலை இரு விரலால் மெல்லச் சமன்செய்து, அரை அங்குலத்துக்கு மேற்படாத சிறு சிறு இழுப்புகளாய், அழுத்தமே இல்லாமல் இழுத்தோம்.

“கீழிருந்து மேலே போகாதே. இடது பக்கம் முடி காதை நோக்கி வளரும், தடவிப் பார்” என்றார்கள் கண்ணைத் திறவாமலே. தடவிப் பார்த்தோம், உண்மைதான். ஒவ்வொருவர் முகத்திலும் முடி வளரும் போக்கு ஒரு தனி வரைபடம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் தம் விரலால் கற்ற வரைபடத்தை அன்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரால் ஒற்றி, நல்லெண்ணெய் இரண்டு துளியை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினோம். கண்ணாடியைக் கேட்டு வாங்கி இரு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அன்று ஜும்ஆவுக்கு வந்தார்கள். அதன்பின் அவர்கள் உயிரோடிருந்த மூன்று பனிக்காலங்களிலும் அந்த வேலை நம்முடையதாகவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைகளில் கற்றவற்றையும், மருத்துவர்கள் கூறக் கேட்டவற்றையும், நூல்களில் படித்தவற்றையும் வாசகர்களின் இல்லங்களுக்குப் பயன்படுமாறு ஈண்டுத் தொகுத்துக் கூறுகிறோம்.

சவரத்தைக் குளித்த பின்னரே வைத்துக்கொள்வது நல்லது. முடி அதற்குள் ஊறியிருக்கும். இயலாவிடில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்தல் வேண்டும். நீர் வெதுவெதுப்பாய் இருக்கட்டும், கொதிப்பாய் வேண்டாம். குளிருக்கு இதமென்று ஆவி பறக்கும் வெந்நீரை முகத்தில் வாரி இறைப்போர் உளர். பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீர் நீக்குவதுபோலவே தோலின் காப்புக் கொழுப்பையும் அது நீக்கிவிடும்.

குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை வாய்ந்தது. தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. கோடையில் இந்த முரண்பாடு பெரிதாய்த் தெரியாது. பனிக்காலத்தில் தோல் இழுத்துப் பிடித்தாற்போல் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். சவரத்துக்கென்றே உள்ள கிரீமைத் தடவி, ஒரு நிமிடமேனும் ஊறவிட்டுப் பின் பிளேடை எடுப்பது மேல். பிளேடு கூராயிருக்கட்டும். மழுங்கிய பிளேடை இன்னும் ஒரு நாள் என்று இழுத்தடிப்பது சிக்கனமாகாது. முடி வளரும் போக்கிலேயே இழுக்க வேண்டும். எதிர்ப்போக்கில் இழுத்தால் மழமழப்பு அதிகம்தான்; ஆனால் முடி தோலுக்கும் கீழே அறுபட்டு, வளரும்போது உள்நோக்கி வளைந்து கொப்புளமாகும். சுருட்டை முடியுடையோர்க்கு இத்தொல்லை மிகுதி.

சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை முகமெங்கும் தேய்ப்பது நம் நாட்டு வழக்கம். படிகாரம் இரத்தத்தை நிறுத்தும், உண்மை. வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் நன்மை. பனிக்காலத்தில் முகம் முழுவதும் தேய்த்தால், ஏற்கெனவே சுருங்கிய தோலை அது மேலும் சுருக்கி உலர்த்தும். சாராயச் சத்துள்ள நறுமண நீர்களும் அத்தகையவையே. எரிச்சல் தந்தால்தான் சுத்தம் என்று எண்ணுவது தவறு.

அடுத்துச் செய்ய வேண்டியதே தலையாயது. முகத்தைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் காய்வதற்குள் ஏதேனும் ஒரு காப்புப் பூச்சைத் தடவிவிட வேண்டும். பூச்சு நீரைக் கொடுப்பதைக் காட்டிலும், இருக்கும் நீரைப் பூட்டி வைப்பதையே பெரிதும் செய்கிறது. வாசலின் மெல்லிய பூச்சாய்ப் போதும். கிளிசரின் நீரை ஈர்க்கும் குணமுடையது. அதை அப்படியே பூசினால் வறண்ட காற்றில் தோலின் உள்நீரையே உறிஞ்சக்கூடும் என்பதால் பன்னீரில் கலந்து பூசுவது முறை. பன்னீர்ச் செம்பு இல்லாத வீடு நம்மிடையே ஏது? விலையுயர்ந்த மேல்நாட்டுக் களிம்புகள்தாம் வேண்டும் என்பதில்லை.

நாள்தோறும் ஐந்து வேளை ஒளு செய்யும் முகம் பனிக்காலத்தில் மற்றவர் முகத்தினும் அதிகமாய் நனைகிறது. ஈர முகத்தோடு வாடைக் காற்றில் நின்றால், ஆவியாகும் நீர் தோலின் ஈரத்தையும் உடன் கொண்டு செல்லும். ஒளுவுக்குப் பின் முகத்தை ஒற்றித் துடைத்து, சிறிது பூச்சைத் தடவிக் கொள்ளும் பழக்கம் உதட்டு வெடிப்பையும் கன்ன வெடிப்பையும் பெரிதும் தடுக்கும். தாடி வைத்திருப்போர் தமக்கு இக்கவலை இல்லையென்று இருந்துவிடலாகாது. தாடியின் அடியிலும் தோல்தான் உள்ளது. அதுவும் வறண்டு செதிளாய் உதிரும். கழுவி, நன்கு உலர்த்தி, வேரில் எண்ணெய் படுமாறு தடவ வேண்டும்.

மலைவாழ்வோர்க்கு இன்னுமொன்று. உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் கதிரவனின் புறஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. குளிருக்கு இதமாயிருக்கிறதே என்று புதிதாய் மழித்த முகத்தை உச்சி வெயிலில் காட்டி அமர்வதால், முகம் கருகுவதே நமக்குத் தெரிவதில்லை. எரிச்சல் மிகுந்த நாட்களில் இரவில் மழித்துக் கொள்வது ஒரு நல்ல உபாயம். தோல் தேறுவதற்கு ஓர் இரவு கிடைக்கும். இரண்டு நாள் மழிக்காமலே விட்டால் குடி முழுகிப் போகாது.

கூட்டுக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அண்ணன் தம்பிமார் ஒரே ரேசரைப் பயன்படுத்தும் வழக்கம் சில இல்லங்களில் இன்னும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியின் வழியே மஞ்சட்காமாலை பி என்னும் நோயின் கிருமி பரவக்கூடும்; அது உடலுக்கு வெளியிலும் ஏழு நாட்களேனும் உயிர்த்திருக்க வல்லது. பனியால் வெடித்த தோல் அதற்குத் திறந்த வாயிலாகும். ஆளுக்கொரு ரேசர் என்பது ஆடம்பரமன்று. சலூனிலும் புதுப் பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்படலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் முதியவர்களுக்குப் பிளேடைத் தவிர்த்து மின் ரேசரைப் பயன்படுத்துமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவர். நீரிழிவுடையோர் சிறு வெட்டையும் அலட்சியம் செய்யலாகாது. சீழ்க் கொப்புளமோ, வட்டமாய்ப் பரவும் படையோ, வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ முகத்தில் கண்டால் வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக் கொடுக்கிறோம்; நீந்தக் கற்றுக் கொடுக்கிறோம்; கணக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கிறோம். மீசை அரும்பும் வயதில் மகன் முதல்முறையாகப் பிளேடைக் கையில் எடுக்கும்போது மட்டும் அவனைக் கண்ணாடியிடம் தனியே விட்டுவிடுகிறோம். அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தண்ணீர் தொடாமல், எதிர்ப்போக்கில் இழுத்து, முகமெல்லாம் கீறலுடன் வெளியே வருகிறான். அன்று தந்தை அருகில் நின்று, “முதலில் ஊறவிடு; முடி எப்பக்கம் வளர்கிறதென்று தடவிப் பார்” என்று சொல்லிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடப் பாடம் அவன் முகத்தை மட்டும் காப்பதோடு நில்லாது. பின்னொரு பனிக்காலத்தில் நடுங்கும் கையிலிருந்து ரேசரை வாங்கிக்கொள்ளவும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.